ஒத்திகை பார்த்த நேர்காணல்

தங்கை என்ன படிக்கிறாள் என்று யாராவது இராஜேந்திரனைக் கேட்டால், "மாஸ்டர்ஸ்" என்பார். என்னத்தில் என்று கேட்டால், "ஹெல்த்" என்பார். அதற்கு மேலும் கேட்கிற ஆளாக இருந்தால், லண்டன் செவன் கிங்ஸில் தான் நடத்தும் பெற்றோல் நிலையத்துக்கு இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைக்காத கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார். கேட்டவரும் மாஸ்டர்ஸை மறந்துவிடுவார்.

சந்திரவதனா படித்தது மனநலத் தாதியருக்கான மேற்படிப்பு. தொண்ணூற்றைந்தாம் ஆண்டில் அது லண்டனுக்கே புதிது. டொக்டர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல், நோயாளியோடும் குடும்பத்தோடும் தானே உட்கார்ந்து பேசி, என்ன வருத்தம், எவ்வளவு ஆபத்து, அடுத்தது என்ன என்று தீர்மானிக்கக்கூடிய தாதியரை உருவாக்குவதுதான் அதன் நோக்கம் என்று விளக்கப் புத்தகத்தில் போட்டிருந்தது. அதன் அட்டைப் படத்தில் ஒரு தாதி சிரித்துக்கொண்டிருந்தாள். நோயாளியும் சிரித்துக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இருவரும் ஒரே நேரத்தில் சிரித்ததை வதனா கண்டதில்லை.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததும் விரும்பி வந்ததாகச் சொல்ல முடியாது. எண்பத்தாறில், ஊரில் சண்டை நடந்த நேரத்தில், ஏ லெவல் பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணனிடம் வந்து சேர்ந்தவள். தாதியாகலாம் என்று விண்ணப்பித்தாள். பொது மருத்துவமனைகள் இப்போது இடமில்லை என்றன. லண்டனின் கிழக்கு ஓரத்தில் இருந்த பழைய மனநோய் மருத்துவமனை, எப்போது வருகிறாய் என்று கேட்டது. படிக்கும்போதே சம்பளமும் தங்க அறையும் தருவதாகச் சொன்னது. அண்ணன் ஊருக்குக் கடிதம் போடும்போது மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. "பெரிய மரங்கள் உள்ள இடம்" என்று எழுதினார். அது பொய்யும் இல்லை.

பிறகு மாலை வகுப்புகளுக்குப் போய் ஒரு பட்டமும் எடுத்தாள். அவர்கள் பரம்பரையில் முதல் பட்டம். கறுப்பு அங்கியோடு எடுத்த படத்தை அண்ணன் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார். எந்தத் துறையில் பட்டம் என்று படத்தில் தெரியாதது அவருக்கு வசதியாக இருந்தது. வதனா அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அங்கிக்குள் நிற்பவள் தன்னைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரி போலத் தெரிவதாக நினைத்துக்கொள்வாள்.

மேற்படிப்பில் 'பண்பாடும் மனநலமும்' என்று ஒரு பாடம் இருந்தது. அதை நடத்திய மிஸஸ் ஹாலம் நல்ல மனுசி. எதைத் தொட்டாலும் கடைசியில் வதனாவின் பக்கம் திரும்பி, உங்கள் சமூகத்தில் இது எப்படி என்று கேட்பார். வதனாவும் லண்டனில் வால்தம்ஸ்டோவிலிருந்து கிங்ஸ்பரிவரை உள்ள தமிழர் அத்தனை பேருக்காகவும் பதில் சொல்வாள். அப்படிச் சொல்ல அவளை யாரும் நியமிக்கவில்லை. நியமிக்கக் கேட்டிருந்தால், இப்படி ஒரு பெண்ணைத் தங்களுக்குத் தெரியவே தெரியாது என்று அந்தச் சமூகம் ஒருமுகமாகச் சொல்லியிருக்கும்.

ஆனால் அதே சமூகம் அவளை நன்றாகத் தேடி வந்தது. சாமத்தியச் சடங்கு, கலியாணம், நடன அரங்கேற்றம் என்று எங்கே போனாலும், சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒருவர் அவளைக் கார் தரிப்பிடத்துக்கு அழைத்துப்போவார். "எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஒரு பகுதி இருக்கினம்" என்று தொடங்குவார். தெரிந்த ஆட்களின் மகன் குளிக்கிறதில்லை, தெரிந்த ஆட்களின் மனைவி சமையலறையில் நின்று அழுகிறா. வதனாவும் அந்தத் தெரிந்த ஆட்களுக்குச் சொல்லும்படி ஏதாவது சொல்லி அனுப்புவாள். அடுத்த விழாவில் அதே ஆள் அவளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அதிலிருந்து, சொன்னது பலித்துவிட்டது என்று அவள் தெரிந்துகொள்வாள்.

சிக்கல் இறுதி ஆண்டில் வந்தது. படிப்பைத் தேறுவதற்கு ஒரு குடும்பத்தை அழைத்து வந்து, பேராசிரியர்கள் ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்க, நேர்காணல் செய்ய வேண்டும். அது வீடியோவில் பதிவாகும். பேச்சு வேறு மொழியில் இருந்தால் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து, ஆய்வோடு சமர்ப்பிக்க வேண்டும். இதில் தேறினால் வால்தம்ஸ்டோவில் புதிதாகத் தொடங்கும் சமூக மனநலக் குழுவில் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. சொந்த அறை, சொந்த நோயாளிகள், சொந்தத் தீர்மானம். தேறாவிட்டால் பழைய மருத்துவமனைக்கே திரும்ப வேண்டும். அதையோ வார்ட் வார்டாக மூடிக்கொண்டிருந்தார்கள். கடைசி வார்டின் சாவியை வைத்திருப்பவளாக அவள் மிஞ்சியிருப்பாள்.

மிஸஸ் ஹாலத்துக்கு இதில் கவலையே இருக்கவில்லை. உனக்குத்தான் ஒரு முழுச் சமூகமே இருக்கிறதே என்றார். வதனா அந்தச் சமூகத்தைக் கேட்டுப் பார்த்தாள். பிள்ளைக்குக் காது குத்துவதைக்கூட இரண்டு கமராவால் பிடிக்கிற சனம், இந்த ஒரு வீடியோவுக்கு மட்டும் வெட்கப்பட்டது.

கடைசியில் ஒத்துக்கொண்டது கிங்ஸ்பரியில் இருந்த சிவனேஸ்வரி. அவவும் கார் தரிப்பிடத்தில் அறிமுகமானவதான். தெரிந்த ஆட்களின் மனுசன் என்று தொடங்கி, இரண்டாம் சந்திப்பிலேயே என்ர மனுசன் என்று ஒத்துக்கொண்டவ. அவவுடைய கணவர் கணேசலிங்கம் கிளிநொச்சியில் நீர்ப்பாசன இலாகாவில் எழுதுவினைஞராக இருந்தவர். லண்டனில் ஒரு கடையில் காசாளராக இருந்தார். ஒரு வருடத்துக்கு முன்னர், குளியலறைக்குள் தனியே நின்று யாருக்கோ பதில் சொல்லத் தொடங்கினார். கடையிலும் அப்படிச் சொன்னார். வேலை போயிற்று. அந்தப் பகுதி மருத்துவமனை டொக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். மாத்திரை அவரை நித்திரையாக்கியது. பதில் சொல்வதை நிறுத்தவில்லை. டொக்டரும் வதனாவின் நேர்காணலுக்குச் சம்மதித்தார்.

நேர்காணல் அன்று கணேசலிங்கம் கோட்டும் டையும் கட்டி வந்தார். கமக்கட்டுக்குள் ஒரு தடித்த ஃபைல். பாஸ்போர்ட், அகதி விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும் ஹோம் ஒஃபிஸின் கடிதங்கள், காஸ் பில் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. உள்ளே வந்ததும் சுவரில் இருந்த பெரிய கண்ணாடியை நோக்கிக் "குட் மோர்னிங் சேர்" என்றார். பிறகு முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் சிவனேஸ்வரி. மறுபக்கம் அவர்களுடைய மகள் கலாவதி, பள்ளிக்கூட உடுப்போடு.

வதனா பயிற்சியில் சொல்லித் தந்தபடி இலேசான கேள்வியில் தொடங்கினாள். நித்திரை எப்படி என்று கேட்டாள்.

நல்ல நித்திரை, பத்து மணிக்குப் படுத்தால் விடியத்தான் எழும்புவன் என்றார் அவர். சிவனேஸ்வரியைக் கேட்டபோது, நல்ல நித்திரை, பத்து மணிக்குப் படுத்தால் விடியத்தான் எழும்புவார் என்றா. கலாவதியைக் கேட்டபோது அவள் அதையே ஆங்கிலத்தில், கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பா நல்லா நித்திரை கொள்ளுவார், அக்கா" என்று கடைசியில் தமிழில் ஒரு முத்திரையும் குத்தினாள்.

சாப்பாட்டைப் பற்றியும் மூன்று பேரும் ஒரே வசனம்தான் சொன்னார்கள். மூன்றாவது கேள்வியில் வதனாவுக்கு விளங்கிவிட்டது.  அவளும் இப்படித்தான் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறாள். வந்த புதிதில், அகதி விண்ணப்பத்துக்கான நேர்காணலுக்கு முன்னர், அண்ணன் அவளைச் சமையலறை மேசையில் இருத்தி ஒத்திகை பார்த்தார். எந்தத் தெரு, எந்த நாள், ஆர் வந்தது, என்ன கேட்டது. அவள் நடந்ததைத்தான் சொன்னாள். ஆனால் நடந்தபடி சொல்லவில்லை, எழுதுகிறவருக்கு வசதியான ஒழுங்கில் சொன்னாள். அழவேண்டிய இடத்தையும் அண்ணன் குறித்துக் கொடுத்திருந்தார். அந்த இடத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை, இருந்தும் விசா வந்தது.

இந்தக் குடும்பத்துக்கும் நேர்காணல் என்றால் அதுதான். ஒரு மேசை, கேள்வி கேட்கிற ஒரு ஆள், மறைவில் இருந்து தீர்ப்புச் சொல்கிற சிலர். எல்லோரும் ஒரே கதை சொல்ல வேண்டும். சொல் பிசகினால் எல்லாம் போய்விடும்.

வதனா முக்கியமான கேள்விக்கு வந்தாள். "ஆளில்லாத இடத்தில ஆரும் கதைக்கிற மாதிரி உங்களுக்குக் கேக்கிறதோ?"

கணேசலிங்கம் மனைவியைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். பிறகு வதனாவின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, இதுக்கு ஓம் எண்டு சொல்லவேணுமோ, இல்லை எண்டு சொல்லவேணுமோ?"

"இல்லை எண்டுதானே அப்பா" என்றா சிவனேஸ்வரி, சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி.

"இல்லை" என்றார் அவர், கண்ணாடிக்குக் கேட்கும்படி உறுதியாக.

நேர்காணல் முடிந்ததும் மிஸஸ் ஹாலம் பின்னறையிலிருந்து முகமெல்லாம் மலர வெளியே வந்தார். எவ்வளவு நெருக்கமான குடும்பம் என்றார். அந்தக் கடினமான கேள்வி வந்தபோது அவர் மனைவியைக் கலந்து பேசியது தன்னை மிகவும் தொட்டுவிட்டது என்றார். அடுத்த வருட மாணவர்களுக்கு இந்தப் பதிவைப் போட்டுக் காட்டலாம் என்றும் சொன்னார். அந்தத் துறையில் அதுதான் அதியுயர் பாராட்டு.

வதனா தன் வகுப்புத் தோழி ருக்குமணியோடு தேநீர் குடிக்கப் போனாள். ருக்குமணி ஈப்போவிலிருந்து தாதிப் படிப்புக்கென்று வந்து, இங்கேயே தங்கிவிட்டவள். வயதில் மூத்தவள், எதற்கும் பதறாதவள். வதனா நடந்ததைச் சொல்லி, அந்த ஒரு வசனத்தை எப்படி மொழிபெயர்ப்பது என்று கேட்டாள்.

"அவர் கொஞ்சம் தயங்கினாருன்னு போட்டுட்டுப் போயேன்லா" என்றாள் ருக்குமணி. "தயங்கினாருதானே? பொய்யா?"

"பொய் இல்லை."

"ஆமா, அப்புறம் என்ன? அங்க உக்காந்திருந்த யாருக்குத் தமிழ் தெரியும்? நீ பாஸாகி ஒரு ரூம்ல போய் உக்காரு. அப்புறமா எல்லாருக்கும் உண்மையா இரு."

வதனா அப்படியே எழுதினாள். 'தயங்குகிறார், ஆதரவுக்காக மனைவியைப் பார்க்கிறார்.' வசனம் அழகாக இருந்தது. தன்னுடைய ஆங்கிலம் இவ்வளவு திருந்திவிட்டதே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். இதற்காகவா படித்தோம் என்று அடுத்த கணம் யோசித்தாள். பிறகு, படிக்காதவர்கள் இதைவிட உண்மையாகவா இருக்கிறார்கள் என்றும் யோசித்தாள். இப்படி யோசித்துக்கொண்டே இருக்கலாம் என்பதுதான் பட்டப்படிப்பால் அவளுக்குக் கிடைத்த பெரிய பயன்.

அந்த வாரம் சிவனேஸ்வரி தொலைபேசியில் அழைத்தா.

"எல்லாம் சரியாத்தானே போச்சு, தங்கச்சி? உமக்கு நல்லது நடக்கவேணும் எண்டுதான் அவரை இருத்தி வைச்சுச் சொல்லிக் குடுத்தனான். கடைசியில மட்டும் கொஞ்சம் தடுமாறிப்போட்டார். அதுக்கு மார்க் குறைப்பினமோ?"

குறைக்க மாட்டார்கள் என்றாள் வதனா.

"அப்ப அந்த ரிப்போட்டை எங்கட டொக்டருக்கும் அனுப்பிவிடும். ஒண்டும் கேக்கேல்லை எண்டு யூனிவர்சிட்டியே சொன்னா, மருந்தை நிப்பாட்டலாம்தானே. நான் இப்பவே பாதியாக்கிப்போட்டன்."

 தொலைபேசியை வைத்ததும் வதனா மேசைக்குப் போய் அந்த அழகான வசனத்தை வெட்டினாள். அவர் சொன்னதை அப்படியே எழுதினாள். சிவனேஸ்வரியைத் திரும்ப அழைத்து, மருந்தில் கை வைக்கக் கூடாது, குறைத்ததை டொக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று சொன்னாள். சிவனேஸ்வரி ஓம் ஓம் என்றா. அந்த ஓமிலும் ஒத்திகையின் வாசம் அடித்ததால், வதனாவே டொக்டரின் அலுவலகத்துக்கும் தகவல் சொல்லிவைத்தாள்.

வாய்மொழித் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். மொழிபெயர்ப்பை வாசித்த வெளித் தேர்வாளர் அந்த இடத்தில் நின்றார். இன்னொருமுறை வாசித்தார். அப்படியானால் நாங்கள் பார்த்தது நேர்காணலா, நாடகமா என்று கேட்டார். வதனா, நாடகம்தான், ஆனால் ஏன் நடித்தார்கள் என்பதுதான் எனது ஆய்வு என்று சொல்லி, ஹோம் ஒஃபிஸ் நேர்காணல்களைப் பற்றி விளக்கினாள். தன்னை ஒத்திகை பார்த்த கதையையும் சொன்னாள். அவர்கள் மிகுந்த கவனத்தோடு கேட்டார்கள். பின்னர், சுவாரசியமான விடயம்தான், ஆனால் நேர்காணல் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். தேறவில்லை. இலையுதிர் காலத்துக்கு முன்னர் இன்னொரு நேர்காணலைப் பதிவுசெய்து கொடுக்கலாம். வால்தம்ஸ்டோ இடத்தை அதுவரை வைத்திருக்கச் சொல்லிப் பார்ப்பதாக மிஸஸ் ஹாலம் சொன்னார். ஆனால் வதனாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தன்னைத் தொட்ட காட்சியை அவள் கெடுத்துவிட்டாள் என்பதில் அவருக்கு மனத்தாங்கல்.

ருக்குமணி தேறிவிட்டாள். அவளுடைய குடும்பம் ஓர் ஆங்கிலத் தம்பதி. நாயை யார் நடத்திக்கொண்டு போவது என்று கடைசிவரை உண்மையாகச் சண்டை பிடித்திருந்தார்கள்.

வதனா கிங்ஸ்பரிக்குப் போனாள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் அவளுக்காக ஒரு கிழமை பாடுபட்டவர்கள். அப்படிப் பாடுபட்டதால்தான் கெட்டது என்பதை எப்படிச் சொல்வது என்று அவள் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை.

கணேசலிங்கம் வரவேற்பறை சோபாவில் சாரம் கட்டியபடி இருந்தார். பக்கத்தில் ஃபைல் இருந்தது. தேறவில்லை என்று வதனா சொன்னதும் சிவனேஸ்வரி அப்படியே நின்றுவிட்டா.

"ஏன்? நாங்கள் மூண்டு பேரும் ஒண்டும் பிழைவிடேல்லையே. ஆரும் மாறிச் சொல்லேல்லையே."

இன்னொருமுறை கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றாள் வதனா.

"அப்ப அப்பீல் இருக்கு" என்று சிவனேஸ்வரி கொஞ்சம் ஆறினா. "அப்பீலில எத்தினை பேருக்குக் கிடைச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே தேத்தண்ணி போட உள்ளே போனா.

கணேசலிங்கம் வதனாவை ஒருவிதமான அக்கறையோடு பார்த்தார்.

"உம்மையும் றிஜெக்ட் பண்ணிப்போட்டாங்களோ?"

"ஓம் அண்ணை."

"என்ன சொன்னனீர் அவங்களுக்கு?"

"நடந்ததைத்தான் சொன்னனான்."

"அதுதான்" என்றார் அவர்.

அவர் சிரித்து வதனா பார்த்தது அதுதான் முதல் தடவை. ஃபைலை எடுத்துக் கீழே வைத்தார். இரும் என்று பக்கத்தில் இடம் காட்டினார். கோட்டும் கண்ணாடியும் இல்லாத அந்த அறையில், அவளும் தள்ளுபடியாகி வந்தவள் என்பதாலோ என்னவோ, அவர் தானாகவே பேசத் தொடங்கினார்.

"ஒரே ஆள்தான். இங்கிலீசில கேக்கிறார். பேர் என்ன, எந்த வழியால வந்தனீர், ஆர் காசு தந்தது. நான் சொல்லுறன். அவர் எழுதுறார், எழுதுற சத்தமும் கேக்கும். முடிய, முதல்ல இருந்து கேக்கிறார்."

"எப்ப துவங்கினது, அண்ணை?"

"விசா தந்த பிறகுதான். அதுவரைக்கும் ஒரு சத்தமும் இல்லை."

சிவனேஸ்வரி தேத்தண்ணித் தட்டத்தோடு வாசலில் நின்றா. எவ்வளவு நேரமாக நின்றாவோ தெரியாது. 

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே, அப்பா."

"நீர் கேக்கேல்லை" என்றார் அவர், குற்றம் சாட்டும் தொனியே இல்லாமல். "பதில்தானே சொல்லித் தந்தனீர்."

 நேர்காணலுக்கு முன்னர் ஒரு கிழமை அந்த வீட்டில் கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வைத்தது அவவும்தான் என்பது மூன்று பேருக்குமே ஒரே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும். வதனா படித்த அத்தனை கேள்விகளும் நாக்கின் நுனியில் ஒழுங்காக வந்து நின்றன. எத்தனை தரம், எந்த நேரத்தில், உங்களைத் தீங்கு செய்யச் சொல்கிறதா. அவற்றைக் கேட்கத்தான் வேண்டும், பிறகு கேட்டாள். ஆனால் அப்போது சிவனேஸ்வரி தட்டத்தை நிலத்தில் வைத்துவிட்டு எதிரே இருந்தா.

"இப்பவும் கேக்குதோ?"

அவர் தலையைச் சரித்துக் கொஞ்சம் கேட்டுப் பார்த்தார்.

"இல்லை. நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறியள்."

புறப்படும்போது வதனா, இதையே அடுத்த நேர்காணலில் பதிந்து எழுதலாமா என்று கேட்டாள். எழுதினால் பாஸ் கிடைக்குமோ என்று அவர் கேட்டார். கிடைக்கலாம் என்றாள். எழுதும், ஆனால் இந்தமுறை டை கட்ட ஏலாது, என்ன சொல்லப்போறன் எண்டு அவவுக்கும் முதல் தெரியக்கூடாது என்றார்.

"தெரியாமல் நான் என்னெண்டு பக்கத்தில இருக்கிறது?" என்றா சிவனேஸ்வரி.

"தெரியாட்டிக் கேளும்" என்றார் அவர்.

கோடை முடிவில், கண்ணாடியில்லாத ஓர் அறையில் இரண்டாவது நேர்காணல் பதிவானது. அதில் கணேசலிங்கம் வந்த கேள்விகளையெல்லாம் ஓரமாக விட்டுவிட்டு, நீர்ப்பாசன இலாகாவில் ஒரு மதகு உடைந்த கதையை நெடுநேரம் சொன்னார். இடையில் நீண்ட மௌனங்கள் இருந்தன. ஓர் இடத்தில் மகள், அதை ஏன் எனக்குச் சொல்லவில்லை அப்பா என்று ஆங்கிலத்தில் சண்டை பிடித்தாள். இன்னோர் இடத்தில் சிவனேஸ்வரி அழுதா. அது எவரும் குறித்துக் கொடுத்த இடம் அல்ல. டொக்டர் அந்த அறிக்கையை வாசித்து மருந்தை மாற்றினார். சத்தம் முழுக்க நிற்கவில்லை. குறைந்தது என்று அவரே சொன்னார்.

வதனா தேறினாள், மட்டுமட்டாக. வால்தம்ஸ்டோ அறை கிடைத்தது. அதன் யன்னல் குப்பைத் தொட்டிகளைப் பார்த்திருந்தது. தேர்வாளர்களின் குறிப்பு அங்கேதான் அவளுக்கு வந்து சேர்ந்தது. நேர்காணலின் இரண்டாவது பகுதியில் மாணவி அதன் மீதான கட்டுப்பாட்டை இழந்துவிட்டார், பெரும்பாலான கேள்விகளை நோயாளியின் மனைவியே கேட்கிறார், இது பாரதூரமான குறைபாடு என்று எழுதியிருந்தார்கள். வதனா அதை இரண்டு தடவை வாசித்தாள். மறுத்துச் சொல்ல அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை.